வீடு அதிரும் வேளையில்

கல்லும் கரடுமான நம் திண்டுக்கல் சீமையைப் பூகம்பம் என்ன செய்துவிடும் என்று எண்ணுவோர் பலர். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வட்டாரமும் தக்காணப் பாறையின் மீது அமைந்ததே. ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் என்றே வரைபடங்கள் அதனைக் குறித்திருந்தன. 1993 செப்டம்பர் 30 அன்று, விடியுமுன் நான்கு மணி அளவில், கில்லாரி முதலிய சிற்றூர்கள் தரைமட்டமாயின. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் உறக்கத்தில் இருந்தவர்கள்.

நம் மாநிலமும் இதற்கு விலக்கன்று. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரியை அடுத்த கடலடியில் 5.5 அளவில் பூமி அதிர்ந்தது. சென்னையிலும் அது உணரப்பட்டது. அடுத்த ஆண்டே திருத்தப்பட்ட வரைபடம் சென்னையை மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்திற்று.

அச்சமூட்ட இதனை எழுதவில்லை. பூமி அதிர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "வெளியே ஓடுவோம்" என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். வீடு ஆபத்து, தெரு பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். 2001 சனவரி 26 அன்று குஜராத்தின் அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்ற பள்ளிப் பிள்ளைகள் தெருவில்தான் இருந்தார்கள். குறுகிய அச்சந்தின் இருபுறக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 200 பேர் மடிந்தனர்.

ஆகவே முதற்கண் நம் வீடு எத்தகையது என்று பார்க்க வேண்டும். கம்பி கட்டி எழுப்பிய கான்கிரீட் வீடாயின், அதிர்வு நிற்குமட்டும் உள்ளேயே இருப்பது நன்று. தரையில் மண்டியிட்டு, உறுதியான மேசையின் அடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். மேசை இல்லையேல், சன்னலுக்கும் பீரோவுக்கும் விலகி, உட்சுவரின் ஓரம் குனிந்து, தலையையும் பிடரியையும் கைகளால் மூடிக்கொள்ளலாம். மாடிப்படியில் இறங்கவே கூடாது. நிலைவாசலின் கீழ் நிற்கச் சொல்லும் பெரியோர் உண்டு. இன்றைய வீடுகளின் நிலைக்கு அத்தகைய வலிமை கிடையாது. ஆடும் கதவு கையை நசுக்கவும் கூடும்.

ஆனால் ரெட்டியார்சத்திரத்துச் சுற்றுப்புறங்களில் மண் சாந்தில் அடுக்கிய கல்சுவர் வீடுகளும் பழைய ஓட்டு வீடுகளும் இன்னும் இருக்கின்றன. லாத்தூரில் உயிர் குடித்தவை இத்தகைய கல்சுவர்களும் அவற்றின் மேல் கனத்த மண் கூரைகளுமே. இத்தகைய வீட்டில், வாசல் இரண்டெட்டில் இருந்து, வெளியே களமோ தோட்டமோ திறந்து கிடந்தால், உடனே வெளியேறுவதே அறிவுடைமை. எதிரே சந்தும் மின்கம்பமுமாயின், கட்டிலின் அடியோ கனமான மேசையின் அடியோதான் புகலிடம். இதனை அதிர்வு வந்தபின் ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. அது பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

வீட்டுத் தலைவியர் கவனிக்க வேண்டியது பரண். அண்டாவும் பித்தளைக் குடமும் குழந்தை உறங்கும் இடத்திற்கு நேர்மேலே இருத்தல் தகுமா? பீரோவைச் சுவரோடு ஆணியடித்துப் பிணைத்தல் சிறு செலவே. கண்ணாடிச் சட்டமிட்ட திரு இருதயப் படத்தையும் படுக்கையின் தலைமாட்டில் மாட்டாதீர்கள். எதிர்ச்சுவர் அதற்கு ஏற்றது. இரவில் கட்டிலில் இருக்கையில் அதிர்ந்தால், கான்கிரீட் வீட்டினர் எழுந்தோடாமல் தலையணையால் தலையை மூடிக்கொள்க. கட்டிலருகே செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடந்து காயம்பட்டோர் எங்கும் உண்டு.

கோவிலில் திருப்பலி வேளையில் நேர்ந்தால், அனைவரும் ஒரே வாசலுக்கு முண்டியடிப்பதே பெருங்கேடு. பெஞ்சுகளுக்கு இடையே குனிந்திருங்கள். சுரூபங்கள், தொங்கும் விளக்குகள், மணிக்கூண்டு ஆகியவற்றினின்று விலகியிருங்கள்.

அதிர்வு நின்றபின் சிலிண்டரின் வால்வை மூடி, மின்சார மெயினை நிறுத்தி, அமைதியாக வெளியேற வேண்டும். தீக்குச்சி கிழித்தல் ஆகாது. பின்னதிர்வுகள் வரும், விரிசல் கண்ட வீட்டுக்குள் நகையை எடுக்கவென்று திரும்பலாகாது.

வேளாங்கண்ணி போன்ற கடலோரத் தலத்தில் விடுதியில் தங்கியிருப்போர்க்கு இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்த பின்னரே அங்கு அலை வந்தது. அதிர்வு அடங்கியதும் கடலை வேடிக்கை பார்க்கப் போகாமல், உள்நாட்டை நோக்கியோ உறுதியான மேல்மாடிக்கோ செல்லுங்கள்.