மணலுக்கடியில் ஒரு வில்லன்!

அந்த வீடியோ கேமில் கடற்கரைப் பக்கம் போனால் நிம்மதியாக நடக்க முடியாது. மணல் லேசாக அசையும். அடுத்த நொடி காலடியிலிருந்து ஒரு ஜந்து சுழன்றபடி கிளம்பும். வாளை ஓங்குவதற்குள் மறுபடியும் மணலுக்குள் மறைந்துவிடும். 1986-ல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’வில் வரும் இந்த ஜந்துவின் பெயர் லீவர். ரசிகர்களே உருவாக்கி இணையத்தில் விடும் கேம்களிலும் இப்படிப்பட்ட மணல் வில்லன்களுக்குப் பஞ்சமில்லை.

நிஜ வில்லனைப் பார்க்க பழவேற்காடு வரை போனால் போதும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிப் பாலத்தைக் கடந்தால் வங்கக் கடல். பொழுது சாய்ந்ததும் மணலில் ஏதோ ஓடும்; உற்றுப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். அதுதான் பேய் நண்டு.

காம்பு போல நீண்ட கண்களால் சுற்றிலும் பார்க்கும். ஆபத்தென்றால் பக்கவாட்டில் ஒரே ஓட்டம். இதன் அறிவியல் பெயரான ‘ஆசிபோட்’ என்பதற்கே ‘வேகக்கால்’ என்றுதான் அர்த்தம்! கரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது செவுள்களால்தான். அவை காயக் கூடாது. அதனால்தான் ஈர மணல் வரை வளை தோண்டுகிறது. சில வளைகள் ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். கால்களின் அடியில் இருக்கும் ரோமக் கற்றைகள் ஈர மணலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கும். உச்சி வெயிலில் வாசலை மணலால் அடைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடும்.

அட்லாண்டிக் கரையில் வாழும் இதன் உறவுக்கார நண்டு, எதிரியைக் கண்டால் வயிற்றுக்குள் இருக்கும் பற்களை உரசி உறுமுகிறது என்று 2019-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எந்த கேம் டிசைனருக்கும் தோன்றாத ஐடியா!

ஆமைக் குஞ்சுகளுக்கு இது நிஜமாகவே வில்லன்தான். பங்குனி ஆமை முட்டைகளையும், பொரித்துக் கடலுக்கு ஓடும் குஞ்சுகளையும் பிடித்துத் தின்றுவிடும். ஆனால் கரை ஒதுங்கும் செத்த மீன்களைத் தின்று துப்புரவு வேலை பார்ப்பதும் இதேதான்.

கேமில் மணல் தீராது. இங்கே அப்படியில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். நடுவில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் அவர்களுக்கு அந்த மணல் வேண்டும். நண்டுக்கும் அதே மணல்தான் வீடு.

ஒரு கரை நலமாக இருக்கிறதா என்று பார்க்க, பல நாடுகளில் விஞ்ஞானிகள் பேய் நண்டு வளைகளை எண்ணுகிறார்கள். கூட்டமும் வண்டிகளும் மிதிக்கும் இடங்களில் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

அடுத்த முறை போகும்போது பைக்கை மணலில் இறக்காமல், வீட்டுக் குட்டீஸோடு நீங்களும் எண்ணிப் பாருங்கள். துளைக்கு வெளியே ஈர மணல் புதிதாகச் சிதறிக் கிடந்தால், உள்ளே ஆள் இருக்கிறார்!