நிரல்மொழிகளில் ஒதுக்கப்பட்ட குறியீடுகளும் பயனர் ஆக்கும் செயற்குறிகளும்

2 + 3 * 4 என்னும் கோவையின் மதிப்பு யாது? பள்ளிக் கணிதப்படி 14 என்போம். ஆயின் ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழி இக்குறிகளை இடமிருந்து வலமாகவே கணிப்பதால் 20 என விடை தரும். ஆகவே, குறியின் பொருளை அறிவதோடு எக்குறி முந்தும் என்பதையும் அறிதல் வேண்டும். இவற்றை முடிவு செய்யும் உரிமை மொழியை வடிவமைப்பவர்க்கு உரியதா, நிரல் எழுதுபவர்க்கு உரியதா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காரணமின்றி வழங்கும் பெயரைத் தமிழிலக்கணம் இடுகுறிப்பெயர் என்னும். செயற்குறிகளுட் பலவும் அத்தகையனவே. இட்ட பொருள் எழுதுபவர்க்கும் படிப்பவர்க்கும் பொதுவாய் நிற்கும்வரையே அவை பயன்தரும்.

சி++ மொழி ஒரு நடுவழியைக் கொண்டுள்ளது. பயனர் தாம் ஆக்கிய தரவு வகைகளுக்கு ஏற்பக் கூட்டற்குறி முதலியவற்றுக்குப் பொருள் வகுக்கலாம். ஆயினும் புதிய குறியை ஆக்கவோ, குறிகளின் முந்துரிமையை மாற்றவோ இயலாது. புள்ளியும் இரட்டை முக்காற்புள்ளியும் (::) மொழிக்கே ஒதுக்கப்பட்டவை.

1990-இல் முதல் வரையறை வெளிவந்த ஹாஸ்கெல் மொழி இதனினும் தாராளமானது. =, ->, | போன்ற சிலவற்றைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டு, புதிய செயற்குறிகளை ஆக்கும் உரிமையைப் பயனர்க்கு அளிக்கிறது. அவற்றின் முந்துரிமையையும் 0 முதல் 9 வரை பயனரே குறிக்கலாம். இதனால் எழுதுபவர்க்குச் சுருக்கம் கிட்டுகிறது. படிப்பவரோ அறியாத குறியைக் காணுந்தோறும் அதன் அறிவிப்பைத் தேட வேண்டியவராகிறார்.

பைத்தான் புதிய குறிகளை ஆக்க இடந்தருவதில்லை. அதற்கும் ஒரு விலையுண்டு. நம்பை நிரல் தொகுப்பின் பொதுவான எண்வரிசை வகையில் * என்பது உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அதன் அணி வகையிலோ அணிப்பெருக்கம் செய்யும். ஒரே வரி, தரவின் வகைக்கேற்ப இருவேறு விடை தந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் முன்மொழிவு எழுந்தது. 2015-இல் வெளிவந்த பைத்தான் 3.5, அணிப்பெருக்கத்திற்கு @ குறியை ஏற்றது. முந்துரிமையில் அது பெருக்கற்குறிக்கு நிகராக வைக்கப்பட்டது. 2004 முதல் அக்குறி செயற்கூறு வரையறையின் மேல்வரியில் வேறு பொருளில் வழங்கி வந்ததெனினும், நிற்கும் இடம் வேறாதலின் மயக்கம் நேரவில்லை.

இவற்றால் நாம் பெறும் முடிவு இதுவாகும். குறிக்குப் பொருள் சேர்க்கும் உரிமையை எழுதுபவர்க்கு அளித்தல் தகும். கோவையைப் பிரித்தறியும் விதியோ அனைவர்க்கும் பொதுவாய் நிற்றல் வேண்டும். நிரல் ஒருவரால் எழுதப்பட்டுப் பலரால் படிக்கப்படுவது. வடிவமைப்பவர் சில குறிகளை ஒதுக்கி வைப்பது அப்பலரின் பொருட்டேயாம்.