பாம்பு கடிக்கு மாத்திரை? ஆஸ்பத்திரி போகும் வரை விஷத்தை அடக்கும் ‘வரெஸ்பிளாடிப்’

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம். இதில் ஏராளமானோர் ஆஸ்பத்திரிக்கு போய் சேராமலே இறந்தவர்கள், கிராமத்து ஜனங்கள்.

இப்போதுள்ள ஒரே மருந்து விஷமுறிவு ஊசிதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவு சங்கத்தினர் பாம்புகளிடம் விஷம் எடுத்து கொடுக்கிறார்கள். அதை கொஞ்சம் கொஞ்சமாக குதிரைக்கு செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பு பொருளை பிரித்து ஊசி மருந்தாக்குகிறார்கள். ஆனால் இதை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். சிலருக்கு திடீரென ஒவ்வாமை வரும். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் போட முடியாது. வயக்காட்டில் கடி வாங்கினவர் என்ன செய்வார்?

அங்கேதான் வரெஸ்பிளாடிப் வருகிறது. விழுங்குகிற மருந்து இது.

பெரும்பாலான பாம்பு விஷத்தில் ‘பாஸ்போலிப்பேஸ் ஏ2’ என்ற நொதி உண்டு. செல்களின் மேல்சவ்வில் உள்ள கொழுப்பை அரித்து ஓட்டை போடுவது இதன் வேலை. தசை அழுகுவது, ரத்தம் உறையாமல் போவது, கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சு நிற்பது எல்லாவற்றிலும் இதற்கு பங்கு இருக்கிறது. வரெஸ்பிளாடிப்பின் சின்ன மூலக்கூறு அந்த நொதியின் வாயிலேயே போய் உட்கார்ந்து கொள்ளும். பூட்டு துவாரத்தில் குச்சியை ஒடித்து விட்ட மாதிரி, நொதி வேலை செய்யாது.

இது பாம்புக்காக பிறந்த மருந்தே அல்ல. மாரடைப்பு நோயாளிகளுக்கு கொடுத்து பார்த்தார்கள். பலன் இல்லை, மாரடைப்பு கூடியது தெரிந்ததால் அந்த சோதனை 2012-ல் நிறுத்தப்பட்டது. மூலையில் கிடந்த மருந்தை அமெரிக்க டாக்டர் மேத்யூ லெவின் குழு 28 வகை பாம்பு விஷத்தில் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. மிக குறைந்த அளவிலேயே நொதி அடங்கியது.

பிறகு இந்தியா, அமெரிக்காவில் பாம்பு கடித்த 95 பேரிடம் சோதனை நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு பாதி பேருக்கு இந்த மருந்தும், மீதி பேருக்கு வெற்று மருந்தும் தரப்பட்டது. 2024-ல் வெளியான முடிவுப்படி, மொத்தமாக பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கடித்த 5 மணி நேரத்துக்குள் மருந்து எடுத்தவர்களிடம் முன்னேற்றத்துக்கான அறிகுறி தெரிந்தது. பெரிய சோதனை நடந்தால்தான் உறுதியாக சொல்ல முடியும்.

ஒரு சிக்கலும் உண்டு. நல்ல பாம்பு விஷத்தில் நரம்பை முடக்குவது பெரும்பாலும் வேறு வகை நஞ்சு. அதை இந்த மாத்திரை தொடாது. அதனால் ஊசிக்கு பதில் அல்ல, ஊசி போடும் வரை நேரம் வாங்கி கொடுக்கும் மருந்து என்றே ஆராய்ச்சியாளர்கள் இதை பார்க்கிறார்கள்.

மருந்து கடையில் போய் கேட்டால் இது கிடைக்காது. கடிச்ச இடத்தை கீறாமல், இறுக்கி கட்டாமல், கை காலை அசைக்காமல் 108-ஐ கூப்பிட வேண்டியதுதான். அரசு ஆஸ்பத்திரிகளில் விஷமுறிவு ஊசி இலவசம்.