விளையாட்டுக் கம்ப்யூட்டர்: உதிரிபாகம் வாங்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய்க்கடை நண்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, பையன் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வேணுங்கான். ரெடிமேடா வேண்டாமாம், தனித்தனியா வாங்கி வீட்லயே மாட்டணுமாம். எழுபது எம்பது ஆகும்ங்கான். எதைப் பாத்து வாங்குறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் என்றார்கள். பருப்பும் வத்தலும் விற்கிற நமக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு என்று முன்பு நினைத்ததுண்டு. 2023 தீபாவளிக்கு நம் பேரனுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்து, நாமே செய்த ஒரு தவறால் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டோம். மற்ற உறுப்பினர்களும் அந்த நஷ்டத்தைப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். கணக்குப் போடுவது பிராசஸர். எல்லாவற்றையும் இணைக்கும் பலகை மதர்போர்டு. ராம் என்பது கடையின் முன்மேஜை போல, அந்த நேரத்து வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். எஸ்.எஸ்.டி. என்பது குடோன். திரையில் தெரியும் படத்தை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. வீட்டுக் கரண்டை வாங்கி இவை தாங்கும் அளவுக்கு மாற்றிப் பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி. இத்தனையையும் அடக்குவது கேபினெட். பிறகு மானிட்டர். இவ்வளவுதான்.

பையனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விளையாட்டு என்பது. வாலரன்ட் போன்றவை லேசானவை, நடுத்தர கார்டிலேயே நன்றாக ஓடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை கனமானவை, குடோனில் மட்டும் 150 ஜி.பி. இடம் கேட்கும். அடுத்த கேள்வி எந்த மானிட்டர் என்பது. சாதாரண மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 தடவை படத்தை மாற்றும். விளையாட்டுக்கென்று வருவது 144, 165 தடவை மாற்றும். கார்டு எவ்வளவு வேகமாக வரைந்து கொடுத்தாலும் 60 தடவை மாற்றும் மானிட்டரில் 60தான் தெரியும். எனவே மானிட்டரை முடிவு செய்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலோர் பிராசஸர் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

"ஐ7 போட்டுத் தர்றேன், 4 ஜி.பி. கார்டு, கேமிங் பிசி, இருபதாயிரம்" என்று சொல்லும் விற்பனையாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஐ7 என்பது ரகத்தின் பெயர்தான், எந்த வருஷத்துச் சரக்கு என்பதை அது சொல்லாது. அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ7-3770 வந்தது 2012இல். ஐ3-12100எஃப் வந்தது 2022இல். பெயரில் சின்னதாக இருக்கும் பின்னது, முன்னதைவிட வெகு வேகமானது. அந்தப் பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதாக அதன் தயாரிப்பாளர் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. கார்டிலும் இதே கதைதான். ஜி.டி. 730 என்ற 2014ஆம் ஆண்டுக் கார்டில் 4 ஜி.பி. போட்டு இன்னும் விற்கிறார்கள். ஜி.பி. என்பது பாத்திரத்தின் கொள்ளளவு, அடுப்பின் வேகம் அல்ல. போன வருஷத்துத் துவரையைப் புதுச் சாக்கில் மாற்றிக் கட்டினால் நாம் கையில் எடுத்துப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே கண்டுபிடிக்க உதவுவது அந்த எண் ஒன்றுதான். ஆகவே எண்ணை முழுதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்காக வாங்கும்போது பணத்தில் பெரும்பங்கு கார்டுக்குப் போக வேண்டும். நாம் 75,500 ரூபாய் போட்டோம். அதில் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு மட்டும் 29,500. பிராசஸர் ரைசன் 5 5600, 11,500. மதர்போர்டு 9,500. மானிட்டர் 11,800. மீதியில் மற்றவை. நூற்றுக்கு 39 பங்கு கார்டுக்கே போனதில் நமக்கு அப்போது மனமில்லை. இப்போது அது சரிதான் என்கிறோம். பழைய கார்டு மலிவாக வருகிறதே என்றால், கவனம் தேவை. ஈத்தரியம் என்ற மின்நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை மாறியபின் சந்தையில் கொட்டின. ஓட வைத்துப் பார்க்காமல் பழையது வாங்கக் கூடாது.

பொருத்தம் பார்ப்பதும் முக்கியம். ஏ.எம்.டி. பிராசஸரில் ஏ.எம்.4, ஏ.எம்.5 என்று இரண்டு வகை உட்காரும் இடம் உண்டு. ஒன்றுக்கானது மற்றதில் உட்காராது. ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 ராம், ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5. இன்டெல்லில் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் ஒரே வகை இடத்தில் உட்காரும். ஆனால் ராம் எது என்பதை போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அதனுள்ளே படம் வரையும் பகுதி கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. நம்முடைய ரைசனுக்கும் அப்படித்தான். மாட்டிய முதல் நாள் திரை கறுப்பாகவே இருக்கிறது, பேரன் அழாத குறை. கடைசியில் பார்த்தால் மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான்.

ராம் 16 ஜி.பி. வேண்டுமென்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். 2023இல் நாம் 3,600 ரூபாய்க்கு வாங்கினோம். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரிச் சரக்கை அள்ளியதால் விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. ஆகவே ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் வாங்கப் போகும் வாரத்து விலையை விசாரித்துக்கொள்ள வேண்டும். பழைய விலைப்பட்டியலை நம்பக் கூடாது.

இனி நம் தவறுக்கு வருகிறோம்.

பேரன் கல்லூரியில் படித்துக்கொண்டே மூன்று கடைகளுக்கு டேலியில் என்ட்ரி போட்டு, ஒரு வருஷத்தில் 24,000 ரூபாய் சேர்த்திருந்தான். மீதி நாம் தருவதாகப் பேச்சு. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன கையோடு ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரே கடையில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லி விலை பேசினோம். நாற்பது வருஷ வியாபாரிக்கு அங்கே கை அரிக்காமல் இருக்குமா? கார்டில் குறைக்கவில்லை, போர்டில் குறைக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்று 5,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி இருந்தது. "வெறும் ஒயர்ப் பெட்டிக்கு ஐயாயிரமா? வேற இருந்தா காட்டுங்க" என்றோம். 450 வாட் என்று எழுதிய ஒன்றை 1,600 ரூபாய்க்குக் காட்டினார்கள். பேரன் நம் கையைப் பிடித்து, "தாத்தா, இதுல மட்டும் குறைக்காதீங்க" என்றான். "நீ சும்மா இருப்பா" என்றோம். 3,400 மிச்சம் என்று சந்தோஷமாக ஊர் திரும்பினோம்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருந்ததை நாம் படிக்கவில்லை. அதில் 12 வோல்ட் என்ற வரிக்கு நேராக 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் உண்ணுவது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். மேலே கொட்டை எழுத்தில் இருந்த 450 அவற்றுக்கு உதவாத கணக்கு. நம் கார்டுக்கு 115 வாட், பிராசஸருக்கு 65 என்று குறித்திருந்தாலும் பிராசஸர் வேலை மும்முரத்தில் 76 வரை இழுக்கும், கார்டு கண்சிமிட்டும் நேரத்துக்கு அதன் அளவையும் தாண்டும். போர்டு, மின்விசிறி, எஸ்.எஸ்.டி. எல்லாம் அதற்கு மேல். அந்தக் கார்டைத் தயாரித்தவர்களே 550 வாட் பெட்டி வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் மாதம் ஓடியது. பிறகு விளையாட்டு மும்முரமான நேரத்தில் தானாக அணைந்து திரும்ப வரும். சூடு என்று நினைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். கார்த்திகை மாதத்தில் ஒரு மழை இரவு, கரண்ட் போய் வந்ததும் பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. மறுநாள் மெக்கானிக் பார்த்து, பெட்டி போனதோடு மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது என்றார். கார்டும் பிராசஸரும் தப்பியது புண்ணியம். போர்டுக்கு வாரண்டி இருந்தும், கருகிய தடம் இருப்பதால் மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 3,400 மிச்சம் பிடித்து 9,500 ரூபாய் போர்டை இழந்தோம், 5,000 ரூபாய் பெட்டியும் வாங்கினோம். பேரன் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது போர்டுக்கு நாம் பணம் கொடுத்தபோது, "பாதி நான் தர்றேன் தாத்தா" என்றான். அதுதான் நமக்கு அதிகம் உறைத்தது. வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது 12 வோல்ட் வரியின் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். அது மொத்த வாட்டுக்கு அருகில் வர வேண்டும். 80 பிளஸ், பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரை கரண்டை வீணாக்காமல் மாற்றும் திறனைக் குறிப்பது. பாதுகாப்புக்குத் தனிச் சான்று அல்ல என்றாலும், அந்த முத்திரைகூட இல்லாததைத் தொடவேண்டாம். வீட்டு எர்த்தைச் சரிபார்க்கவும். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்து அதில் மாட்டி விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சட்டென்று நின்றுவிடக்கூடும். 1000 வி.ஏ.க்குக் குறையாமல் பார்க்கலாம்.

இந்தக் கம்ப்யூட்டரையே கடையில் வைத்துப் பில்லும் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். வத்தல் தூசியும் மாவும் மின்விசிறிகளில் அடைந்துவிடும். எலித் தொல்லை வேறு. பில் போட இவ்வளவு பெரிய கார்டும் தேவையில்லை, சாதாரண கம்ப்யூட்டரே போதும்.

இன்னொன்று. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கி 18 சதவீதத்தை இன்புட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு இன்புட் கிடையாது என்று சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. எடுத்துப் பயன்படுத்தினால் பிறகு வட்டியோடு கட்ட நேரும். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறோம் என்பார்கள், அதற்கும் இணங்க வேண்டாம். பெட்டியில்லாமல் வரும் 'ட்ரே' பிராசஸருக்குத் தயாரிப்பாளர் நேரடியாக வாரண்டி தரமாட்டார், விற்ற கடைக்காரரைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் ஸீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருஷத்தில் எழுத்து மங்கிவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். நம் பேரனின் பில்லும் ஜெராக்ஸும் கடை லைசென்ஸ் இருக்கிற பைலில்தான் இருக்கின்றன. கருகிய பெட்டி குடோன் பரணில் கிடக்கிறது, அந்த அட்டவணையைப் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் வந்து பார்க்கலாம்.