பாட்டிமார் அறிந்ததும் பானும் கண்டதும்

ஒருமுறை சின்னமுத்துக் கண்டவரை அந்நோய் மீண்டும் அணுகாது என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். அவ்வறிவு எத்துணை உறுதியானது என்பதை ஆராய்ந்து நிறுவியவர் பீட்டர் பானும் என்னும் டேனிய மருத்துவர்.

வட அத்திலாந்திக்கிலுள்ள பரோத் தீவுகளில் 1781ஆம் ஆண்டு சின்னமுத்துப் பரவி ஓய்ந்தது. பின்னர் 65 ஆண்டுகள் அது அங்குத் தலைகாட்டவில்லை. 1846இல் கொப்பனேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவரோடு மீண்டும் கரையேறியது. ஏறக்குறைய 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் சில மாதங்களில் நோயுற்றனர். அரசினரால் அனுப்பப்பட்ட பானுமுக்கு அப்போது வயது 25. ஊர் ஊராகச் சென்று உசாவிய அவர், 1781இல் நோயுற்றுப் பிழைத்த முதியோருள் ஒருவரேனும் இம்முறை நோயுறவில்லை எனக் கண்டார். அன்று தப்பியிருந்த முதியோரோ இளைஞரைப் போலவே படுக்கையில் வீழ்ந்தனர். காத்தது முதுமையன்று, முன்னை நோயே.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? தோலும் சளிப்படையும் உடலுக்கு மதில்கள். அவற்றைக் கடந்து வரும் கிருமிகளைத் தின்குழியங்கள் விழுங்கும். கல்லூரி ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ்க் குருதியை நோக்கியோர் வெண்குழியங்களை மறந்திரார். அவற்றுள் ஒரு சாராரே இவை. பகைவர் இன்னார் என இவை நுணுகி நோக்குவதில்லை. அது நிணநீர்க்குழியங்களின் தொழில். அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு வடிவத்தையே அறியும். அவ்வடிவத்தைச் சந்தித்ததும் பல்கிப் பெருகும். சில, கிருமியைப் பற்றும் பிறபொருளெதிரி என்னும் புரதத்தைச் சுரக்கும். சில, கிருமி புகுந்த கலங்களையே அழிக்கும். இப்படை திரளப் பல நாட்கள் செல்லும். கிருமி பெருகி நம்மை வருத்துவது அவ்விடைவெளியிலேயே. நோய் தணிந்தபின் பெரும்பாலானவை மாண்டொழியும். எஞ்சியவை நினைவுக் கலங்களாய் நிற்கும். பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலங்கள் சில என்பு மச்சையிற் குடியிருக்கும். பரோத் தீவு முதியோரின் உடல், பகைவனைக் காணாமலே 65 ஆண்டுகள் அவனை நினைவில் வைத்திருந்தது.

அங்ஙனமாயின் தடிமன் ஆண்டுதோறும் வருவதேன்? அஃது ஒரு பகையன்று. நூற்றுக்கு மேற்பட்ட வைரசு வகைகளின் வேலை.

சின்னமுத்து ஒருமுறை வந்துபோதல் நன்றென்பாரும் உளர். அவர்கள் அறியாத செய்தியொன்றுண்டு. இவ்வைரசு நினைவுக் கலங்களுட் புகுந்து அவற்றையே அழிக்கின்றது. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாது சின்னமுத்துற்ற 77 பிள்ளைகளின் குருதியைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிற நோய்களுக்கெதிராக அவர்கள் ஈட்டியிருந்த பிறபொருளெதிரிகளுள் நூற்றுக்கு 11 முதல் 73 வரை மறைந்துவிட்டன. தடுப்பூசி பெற்ற பிள்ளைகளிடத்து இவ்விழப்புக் காணப்படவில்லை.