மழலையர் உறங்குமுன் நடைமுறை

மழலையர் உறங்குமுன் நடைமுறை என்பது ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை, நாள்தோறும் ஒரே வரிசையில் செய்யப்படும் சில எளிய செயல்களின் வழியாக உறக்கத்துக்கு இட்டுச் செல்லும் வழக்கம் ஆகும். குளிப்பாட்டல், உடை மாற்றல், கதை கூறல், தாலாட்டு, விளக்கணைத்தல் ஆகியன இதன் பொதுவான கூறுகள். பல நாடுகளில் பஞ்சு அடைத்த விலங்குப் பொம்மையும் இதில் இடம்பெறுகிறது. இத்தகைய பொம்மைகளை நிரப்பப் பயன்பட்ட இழைகளுள் ஒன்றான இலவம்பஞ்சு, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், குரங்கணி ஆகிய ஊர்களை ஒட்டிய மலைச்சரிவுகளில் விளைகிறது.

உறக்கத் தேவை

உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. 3 முதல் 4 வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை.

செயற்படும் விதம்

மழலைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. செயல்களின் வரிசையே அதற்குக் கடிகாரமாக அமைகிறது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்கள் அடுத்து என்ன நிகழும் என்பதை முன்னறிவிப்பதால், குழந்தையின் கிளர்ச்சி படிப்படியாகத் தணிகிறது. உறக்கத்துடன் தொடர்புடைய மெலடோனின் என்னும் இயக்குநீர் இருளில் மிகுதியாகச் சுரக்கும். ஒளி அதனைக் குறைக்கும். மாலையில் விளக்கொளியைக் குறைப்பதும், தொலைக்காட்சி, கைபேசித் திரைகளை விலக்குவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

ஜோடி மிண்டெல் என்னும் உளவியலாளரும் குழுவினரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 7 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மார்கள் 405 பேர் பங்கேற்றனர். ஒழுங்கான நடைமுறையைப் பின்பற்றிய குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது.

பொம்மையின் பங்கு

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் 1902ஆம் ஆண்டு வேட்டையின்போது கட்டப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்த நிகழ்ச்சி கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதையொட்டியே 'டெடி கரடி' என்ற பெயர் தோன்றியது. குழந்தை இத்தகைய பொம்மையையோ துணியையோ பற்றிக்கொள்வதை ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1953இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். தாயுடன் ஒன்றியிருக்கும் நிலையிலிருந்து தனித்து இயங்கும் நிலைக்குக் குழந்தை மாறுகையில் துணைநிற்பதால், அதனை அவர் 'மாறுநிலைப் பொருள்' என்றார்.

இப்பழக்கம் எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. இத்தாலியிலும் கொரியாவிலும் 1970களில் வெளியான ஆய்வுகள், தாயின் அருகில் உறங்கும் குழந்தைகளிடையே இது குறைவாக இருப்பதைக் காட்டின. ஆகவே பொம்மையை நாடாத குழந்தையிடம் குறை ஏதும் இருப்பதாகக் கருத வேண்டியதில்லை.

தமிழகச் சூழல்

தமிழகத்தில் கைக்குழந்தையைச் சேலையால் கட்டிய தூளியில் இட்டு ஆட்டுவதும், வளர்ந்தபின் தாய் அல்லது பாட்டியின் அருகில் பாயில் படுக்க வைப்பதும் மரபு. தாயின் பழஞ்சேலையே பெரும்பாலும் மாறுநிலைப் பொருளாகிறது. போடிநாயக்கனூர் பகுதியிலிருந்து பெண்கள் பலர் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு அதிகாலையிலேயே ஜீப்புகளில் வேலைக்குச் செல்கின்றனர். தாய் புறப்பட்ட பின் விழிக்கும் குழந்தைக்குப் பழகிய துணியும், முந்தைய இரவின் அதே வரிசையை மாற்றாமல் பின்பற்றும் பாட்டியும் ஆறுதலாக அமைய இயலும். பொம்மை இல்லாமலும் நடைமுறை பயன் தரும். வரிசை நாள்தோறும் மாறினால் அதன் பயன் குறையும்.

இலவம்பஞ்சு

'இலவு காத்த கிளி' என்ற பழமொழியால் இலவ மரம் தமிழருக்கு நன்கு அறிமுகமானது. அதன் காய் முற்றி வெடிக்கையில் உண்ணத்தக்க கனிக்குப் பதிலாகப் பஞ்சே வெளிப்படும். இப்பஞ்சின் இழை உள்ளீடற்ற குழாய் போன்றது. உள்ளே காற்று நிறைந்திருப்பதால் மிகவும் எடை குறைந்தது. மேலே மெழுகுப் படலம் இருப்பதால் எளிதில் நீரை ஏற்காது. வழுவழுப்பான, குட்டையான இழை என்பதால் நூலாக நூற்பது கடினம். எனவே தலையணை, மெத்தை, பொம்மை ஆகியவற்றை நிரப்பவே பெரிதும் பயன்பட்டது. பிற்காலத்தில் பொம்மைகளில் பாலியெஸ்டர் இழை அதன் இடத்தைப் பிடித்தது. போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணைத் தொழில் இன்றும் உள்ளது. இலவம்பஞ்சு அடைத்த பொருள்களை நீரில் ஊறவைத்தால் பஞ்சு கட்டிதட்டும். வெயிலில் உலர்த்துவதே ஏற்றது.

பாதுகாப்பு

* ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் பொம்மை, தலையணை, தளர்வான துணி ஆகியவற்றை வைக்கக் கூடாது. மூச்சுத்திணறல் ஏற்படும் என்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இதனை வலியுறுத்துகிறது.
* எழுந்து நிற்க முயலும் குழந்தையைத் தூளியில் தனியே விடக் கூடாது. சேலை கழுத்தில் சுற்றி நேர்ந்த இறப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.
* மழலைக்குத் தரும் பொம்மையில் பொத்தான் கண், மணி, நீண்ட நாடா ஆகியன இருத்தலாகாது. தையல் பிரிந்து பஞ்சு வெளிவருகிறதா என அவ்வப்போது பார்க்க வேண்டும்.
* பழஞ்சேலையைத் தருவதாயின் கைக்குட்டை அளவு துண்டாக வெட்டித் தருவது நலம்.
* இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது, பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.