வானிலைச் செய்தியும் பைத்தான் மொழியும்
சரம், டியூப்பிள் ஆகியவற்றின் வேறுபாடு பற்றிய விளக்கம்

கல்கத்தா நகரை 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கடும் புயல் ஒன்று தாக்கிப் பேரழிவை விளைவித்தது. அதன்பின் 1866-இலும் 1871-இலும் பருவ மழை பொய்த்தது. இவ்விடர்களின் பின்னணியிலேயே 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமையிடம் பிற்காலத்தில் வேறு நகரங்களுக்கு மாறியபோதிலும், அலிப்பூரில் வட்டார வானிலை மையம் இன்றும் இயங்கி வருகிறது. உலக வானிலை அமைப்பின் வரிசையில் அலிப்பூர் நிலையத்தின் எண் 42807 ஆகும்.

வானிலை நிலையங்கள் தாம் கண்டறிந்த உஷ்ணநிலை, காற்றழுத்தம் முதலியவற்றை ஐந்தைந்து இலக்கத் தொகுதிகளாக்கி அனுப்புவது நெடுங்கால வழக்கம். கணிப்பொறிக்கென வகுக்கப்பட்ட புதிய குறியீடுகள் இன்று வந்துவிட்டன. எனினும் பழைய பதிவுகளைப் படிப்பதற்கு இத்தொகுதிகளை அறிந்திருத்தல் வேண்டும். பைத்தான் மொழியைப் புதிதாகக் கற்போரைக் குழப்பும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கவும் இவை மிகவும் ஏற்றவை. அம்மொழியில் ‘ஸ்டிரிங்’ எனப்படும் சரத்திற்கும் ‘டியூப்பிள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடே அது.

இரண்டின் இயல்பு

விளக்கத்திற்காக அமைத்துச் சுருக்கிய செய்தி ஒன்றைக் காண்போம்.

செய்தி = '42807 10312 20256 40052'

மேற்கோட் குறிகளுக்குள் அமைந்த இது ஒரு சரம். அதாவது எழுத்துருக்களின் வரிசை. இதில் இடைவெளிகளையும் சேர்த்து 23 உறுப்புகள் உள்ளன. பைத்தான் மொழி சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால், செய்தி[0] என்று கேட்டால் '4' என்னும் ஒற்றை எழுத்துரு கிடைக்கும். செய்தி[0:5] என்று கேட்டால் '42807' என்னும் துண்டு கிடைக்கும். சரத்தின் உறுப்பும் சரமே, துண்டும் சரமே.

இனி இச்செய்தியின் பொருளைக் காண்போம். முதல் தொகுதி நிலையத்தின் எண். இரண்டாவது தொகுதியில் முதல் இலக்கமான 1 உஷ்ணநிலையைச் சுட்டும். அடுத்துள்ள 0 அது சுழியத்திற்குக் கீழ்ப்பட்டதன்று என்பதைக் குறிக்கும். எஞ்சிய 312 என்பது 31.2 பாகை செல்சியஸ். இவ்வாறே மூன்றாவது தொகுதி பனிநிலை 25.6 பாகை என்று கூறுகிறது. நான்காவது தொகுதி கடல்மட்டக் காற்றழுத்தம் 1005.2 ஹெக்டோபாஸ்கல் என்று தெரிவிக்கிறது; ஆயிரத்தைக் குறிக்கும் இலக்கம் வழக்கப்படி விடப்பட்டுள்ளது. பொருளறிந்து பிரித்தபின் கிடைப்பது இது:

பதிவு = ('42807', 31.2, 25.6, 1005.2)

இது ஒரு டியூப்பிள். இதில் நான்கே உறுப்புகள் உள்ளன. முதலாவது சரம், மற்றவை எண்கள். டியூப்பிளின் உறுப்புகள் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டுவதில்லை. பதிவு[3] என்று கேட்டால் 1005.2 என்னும் எண் முழுமையாகக் கிடைக்கும். சுருங்கக் கூறின், சரம் எழுத்துக்களின் தொடர். டியூப்பிள் பொருள்களின் தொகுப்பு.

பொதுப் பண்பு

இரண்டும் ஆக்கியபின் மாற்ற இயலாதவை. செய்தி[0] = '5' என்றோ, பதிவு[1] = 30.2 என்றோ எழுதினால் பைத்தான் மறுத்துப் பிழைக்குறிப்பை வெளியிடும். திருத்தம் வேண்டுமாயின் புதிய சரத்தையோ புதிய டியூப்பிளையோ ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஆதலின், பதிவு செய்த அளவு கவனக்குறைவால் இடையில் மாறிவிடாமல் காக்க டியூப்பிள் உதவுகிறது. ஆயினும், டியூப்பிளுக்குள் மாறத்தக்க பட்டியல் ஒன்றை வைத்தால் அப்பட்டியலின் உள்ளடக்கம் மாறக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

பிழை நேரும் இடங்கள்

முதலாவது, ஒப்பிடுதல். எண்களைச் சரங்களாகவே வைத்து ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகும். '1005.2', '998.4' என்னும் இரு சரங்களில் சிறியது எது என்று கேட்டால், பைத்தான் '1005.2' என்றே விடை கூறும். சரங்கள் அகராதி முறைப்படி முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படுகின்றன. '1' என்பது '9'-க்கு முற்பட்டது. எண்களாக மாற்றியபின் கேட்டால் 998.4 என்னும் சரியான விடை வரும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் காலத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று. மிகக் குறைந்த அழுத்தம் உள்ள நிலையமே பட்டியலில் மிக உயர்ந்த அழுத்தம் உடையதாகத் தோன்றிவிடும்.

இரண்டாவது, அவசரப்பட்டு எண்ணாக்குதல். '0052' என்பதை உடனே எண்ணாக்கினால் முன்னுள்ள சுழியங்கள் மறைந்து 52 மட்டுமே எஞ்சும். சுழியத்தில் தொடங்கினால் ஆயிரத்தைக் கூட்டவேண்டும் என்னும் அடையாளமும் உடன் மறையும். ஆதலின் குறியீட்டைப் பிரித்து முடிக்கும்வரை அதனைச் சரமாகவே வைத்திருத்தல் நலம். நிலைய எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லையாதலால், அது என்றும் சரமாகவே இருக்கலாம்.

மூன்றாவது, காற்புள்ளி. ('42807') என்பது டியூப்பிள் அன்று. அடைப்புக்குள் இட்ட சரமே. ('42807',) என்று காற்புள்ளி இட்டால்தான் ஓர் உறுப்புடைய டியூப்பிள் ஆகும். காற்புள்ளியை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிலையமாகக் கணக்கிடுமாறு பணித்தால், கணிப்பொறி 4, 2, 8, 0, 7 என்று ஐந்து நிலையங்களைத் தேடப் புறப்படும்.

நான்காவது, தேடுதல். '280' என்பது செய்தியில் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே விடை வரும். சரத்தில் எத்தொடரும் தேடப்படும். பதிவில் கேட்டால் இல்லை என்று வரும். டியூப்பிளில் முழு உறுப்பே ஒப்பிடப்படும்.

ஆசிரியர்களுக்கு

பைத்தானின் மூன்றாம் பதிப்பிலிருந்து, மேற்கண்டவாறு பெயர்களைத் தமிழிலேயே இடலாம். ஆயினும் 'தமிழ்' என்னும் சரத்தின் நீளம் கேட்டால் 3 என்று வராது. 5 என்றே வரும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி உறுப்புகளாக மொழி எண்ணுவதே காரணம். மாணவர் வியப்புறுமுன் இதனைக் கூறிவிடுதல் நன்று.

களப் பணியாளர் கைக்கொள்ள வேண்டிய முறை எளியது. வந்த செய்தியைச் சரமாக ஏற்று, தொகுதிகளைச் சரிபார்த்து, அளவுகளை எண்களாக்கி, டியூப்பிளாகச் சேமித்தல் வேண்டும். மூலச் செய்தியையும் அழியாது உடன் வைத்தல் வேண்டும். பின்னாளில் ஐயம் எழுமாயின், சரிபார்ப்பதற்கு அதுவே சான்றாகும்.